ரிப்போர்ட் யாருடையது? மஷூரா யாரோடு?



கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. முழுவதும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது. அதில் புற்றுநோயாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. மூன்று நாட்களுக்குள் அதைப் பார்த்து முடித்தவர்களின் பட்டியலைச் சொல்கிறேன். மூத்த மருமகன். கட்டாரில் இருக்கும் மகன், வட்ஸ்அப்பில். சந்தியில் பார்மசி வைத்திருப்பவர். பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் சாச்சா. ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு வேலை செய்யும் சொந்தக்காரர். ஓதிப் பார்க்கும் ஒருவர். இங்கிலீஷ் தெரியும் என்பதற்காக, நான்.

ஏழு பேர். இதில் இரண்டு பேர் இல்லை. ஒருவர் புற்றுநோய் வைத்திய நிபுணர். மற்றவர், அந்த ரிப்போர்ட்டின் மேல் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்.

ஏழு பேரிடம் காட்டக் கூச்சமில்லை. ஆனால் "இன்னொரு டொக்டரிடமும் ஒருக்கா காட்டுவமா?" என்று யாராவது கேட்டால் வீடே அமைதியாகிவிடும். "அவர் பெரிய டொக்டர். அவருக்கு மேல போய்க் கேட்டா கோவிக்க மாட்டாரா?" "விதியில இரிக்கிறத ரெண்டு டொக்டர் பாத்தா மாத்த ஏலுமா?" "உம்மாட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க, தாங்க மாட்டா."

இந்த மூன்று வசனங்களையும் எத்தனை வருடமாகக் கேட்கிறேன் என்று கணக்கில்லை. மூன்றுமே பிழை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

■ பரீட்சை என்றால் மீளாய்வு, உயிர் என்றால் மௌனம்

சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று பாடசாலை வாசலில் நின்று பாருங்கள். கணிதத்தில் பி எதிர்பார்த்த பிள்ளைக்கு எஸ் வந்தால், அன்று பின்னேரமே வாப்பா மீளாய்வு விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டு வந்துவிடுவார். விடைத்தாளைத் திருத்திய ஆசிரியருக்கு அது அவமானம் என்று இதுவரை எந்தப் பெற்றோரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் விடைத்தாள் திருத்தப் போகிறவன்தான். மீளாய்வு கேட்டார்கள் என்று எந்த ஆசிரியரும் கோபித்ததில்லை. மனிதன் செய்த வேலையை இன்னொரு மனிதன் சரி பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு எஸ்ஸுக்கு இருக்கும் இந்த உரிமை ஒரு மார்பகத்துக்கு இல்லையா? ஒரு நுரையீரலுக்கு இல்லையா?

இன்னொன்றையும் கவனியுங்கள். மீளாய்வுக்கு விடைத்தாளைப் பரீட்சைத் திணைக்களத்தின் பரீட்சகர்தான் பார்ப்பார். பார்மசிக்காரர் பார்க்க மாட்டார், சாச்சா பார்க்க மாட்டார். புற்றுநோயிலும் அப்படித்தான். இரண்டாவது கருத்து என்பது, முதல் கருத்தைச் சொன்னவர் படித்த படிப்பைப் படித்த இன்னொருவர் அதே ஆதாரங்களை மறுபடி பார்த்துச் சொல்வது. அதைத் தவிர நாம் வீட்டில் கூட்டிச் சேர்ப்பதெல்லாம் பேச்சு.

■ ஸ்கேன் தீர்ப்பு எழுதுவதில்லை

என்னிடம் ரிப்போர்ட்டைக் கொண்டுவருபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: எனக்கு இதிலுள்ள இங்கிலீஷ் விளங்கும், இதிலுள்ள வைத்தியம் விளங்காது. ஆனாலும் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய சில விடயங்கள் இருக்கின்றன. அதைத் தெரியாமல்தான் பாதி வீடுகளில் ரிப்போர்ட் வந்த அன்றே மையித்து வீட்டு அழுகை கேட்கிறது.

மார்பக ஸ்கேன் அல்லது மெமோகிராம் ரிப்போர்ட்டின் அடியில் பைராட்ஸ் என்று ஒரு இலக்கம் இருக்கும். 0 முதல் 6 வரை. 0 என்றால் இன்னும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். 3 என்றால் அநேகமாகச் சாதாரணக் கட்டி. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 வீதத்துக்கு மேல் இல்லை. 4 என்றால் சந்தேகம். இந்த 4க்குள் 2 வீத வாய்ப்பும் அடங்கும், 95 வீத வாய்ப்பும் அடங்கும். 5 என்றால் 95 வீதம் அல்லது அதற்கு மேல். 4 என்ற இலக்கத்தைப் பார்த்து ஒரு வீட்டில் மரண சாசனம் பேசுகிறார்கள், அதே 4ஐப் பார்த்து இன்னொரு வீட்டில் "ஒண்ணுமில்ல, மறுகா பாப்பம்" என்று மேசை லாச்சியில் போட்டு மூடுகிறார்கள். இரண்டும் பிழை. 4 சொல்வது ஒன்றே ஒன்று: பயொப்சி எடுத்துப் பாருங்கள்.

நுரையீரல் சீ.டி.யில் ஒரு புள்ளி தெரிந்தால் அது புற்றாகவும் இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம், பழைய தழும்பாகவும் இருக்கலாம். பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் இல்லை. கிருமித் தொற்றும் வீக்கமும் ஒளிரும். தைரொயிட் கட்டியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாலும், சில வகைக் கட்டிகளில் அது சாதாரணமா புற்றா என்று ஊசி மட்டும் சொல்லாது. அறுத்தெடுத்து முழுக் கட்டியையும் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்கேன் நிழலைக் காட்டுகிறது. அந்த நிழல் யாருடையது என்று சொல்வது பெரும்பாலும் பயொப்சித் துண்டைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்கும் பெதோலஜிஸ்ட். அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு நான்கு பேரிடம் ஓடுவதும் வீண், அதை மட்டும் வைத்து நம்பிக்கை இழப்பதும் வீண்.

"கத்தி பட்டா பரவும், ஊசி குத்தினாப் பரவும்" என்று ஒரு கதை எங்கள் ஊரில் ஓடுகிறது. இந்தக் கதையால் பயொப்சிக்குப் போகாமல் இருந்தவர்கள் பிறகு எந்த நிலையில் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முறையாக எடுக்கும் பயொப்சியால் நோய் பரவுவது மிக மிக அரிது. பயொப்சி எடுக்காமல் நாட்களைக் கடத்துவதால் நோய் முற்றுவது அன்றாடம் நடப்பது.

■ எப்போது இன்னொருவரைக் கேட்க வேண்டும்?

எல்லோரும் எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோய் எதுவென்று தெளிவாகத் தெரிந்து, சிகிச்சையும் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்றால், முதல் டொக்டரிடமே தொடங்குங்கள். அதில் வெட்கமும் இல்லை, நட்டமும் இல்லை.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கேட்க வேண்டும்.

ஸ்கேன் ஒன்றைச் சொல்லி பயொப்சி வேறொன்றைச் சொன்னால்.

பயொப்சி ரிப்போர்ட்டிலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தால்.

அரிதான வகை என்று சொல்லப்பட்டால்.

ஒரு உறுப்பை முழுவதும் எடுக்க வேண்டும், அல்லது திரும்பிவர முடியாத ஒரு சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றால். மார்பகத்தை முழுவதும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்ச் சிகிச்சை கொடுப்பதா, முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுப்பதா என்பது எல்லோருக்கும் ஒரே விடை உள்ள கேள்வி இல்லை.

புற்றுநோய் வைத்திய நிபுணர் பார்க்கும் முன்னரே யாராவது "நாளைக்கே வெட்டிப்போடுவம்" என்றால்.

"இனிச் செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டால்.

இப்படிக் கேட்பதற்காகச் சில நாட்கள், ஒன்றிரண்டு வாரங்கள் செலவாவது பெரும்பாலான கட்டிகளில் பெரிய பாதிப்பைத் தராது. ஆனால் எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்பதை முதல் டொக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் பொறுக்கவே முடியாத நோய்களும் உண்டு. வேகமாகப் பரவும் இரத்தப் புற்றுநோய், முள்ளந்தண்டு நரம்பை அழுத்திக் கால் சோர்ந்துபோகும் நிலை, நிற்காத இரத்தப்போக்கு, குடல் அடைப்பு. அந்த நேரத்தில் இரண்டாவது கருத்தைத் தேடி பஸ் ஏறாதீர்கள். வாட்டில் படுங்கள், சிகிச்சை தொடங்கட்டும்.

■ எப்படிக் கேட்பது?

"டொக்டர், நீங்கள் சொன்ன சிகிச்சையைத் தொடங்க நாங்கள் தயார். அதற்கு முன் இன்னொரு நிபுணரிடமும் ஒருமுறை காட்டிவிட்டு வர விரும்புகிறோம். ஒரு கடிதம் தருவீர்களா? எத்தனை நாளைக்குள் திரும்பி வர வேண்டும்?"

இவ்வளவுதான். இதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. நல்ல வைத்தியர்கள் தாங்களே கூடிப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். அறுப்பவர், கீமோ கொடுப்பவர், கதிர் கொடுப்பவர், படம் பார்ப்பவர், துண்டைப் பார்ப்பவர் எல்லோரும் ஒரு மேசையில் இருந்து ஒரு நோயாளியின் கோப்பைப் பார்ப்பது இன்றைய புற்றுநோய் வைத்தியத்தின் வழக்கம். டொக்டர்களே மஷூரா செய்கிறார்கள். நாம் மட்டும் அதை அவர்களுக்கு அவமானம் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறோம்.

கோபிக்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஒரு கிளினிக்கில் அளவுக்கு மேல் நோயாளிகளைப் பார்த்துக் களைத்த மனிதர் ஒரு சொல் கடுமையாகச் சொல்லக்கூடும். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு கடிதத்தையும் கேளுங்கள். பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி எடுக்க எத்தனை பேரிடம் எத்தனை சொல் கேட்கிறோம்!

போகும்போது வெறும் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள். ஸ்கேன் படங்கள் அல்லது சீ.டி. தட்டு, கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், இரத்தப் பரிசோதனைகள், பயொப்சி ரிப்போர்ட் எல்லாம் ஒரே பைலில் இருக்க வேண்டும். பயொப்சியில் சந்தேகம் என்றால் அந்தத் துண்டு பதித்த கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் இன்னொரு பெதோலஜிஸ்ட் பார்ப்பதற்கு ஒழுங்கு செய்ய முடியுமா என்று ஆய்வுகூடத்தில் கேளுங்கள். தாளை மறுபடி வாசிப்பது இரண்டாவது கருத்தாகாது. விடைத்தாளைப் பார்க்காமல் பெறுபேற்றுத் தாளைப் பார்த்து மீளாய்வு செய்ய முடியுமா?

இரண்டு பேரும் வேறு வேறாகச் சொன்னால்? ஏன் என்று இருவரிடமும் கேளுங்கள். எந்த இடத்தில் கருத்து பிரிகிறதோ அந்த ஒரு இடத்துக்காக மட்டும் மூன்றாவது நிபுணர் ஒருவரைக் கேட்கலாம். அதற்கு மேல் வேண்டாம். நமக்குப் பிடித்த பதிலைச் சொல்பவர் கிடைக்கும்வரை செனல் பண்ணிக்கொண்டே போவது மஷூரா ஆகாது. அது பயத்துக்கு நாம் கட்டும் வாடகை.

■ தவக்குல் பற்றிப் பேசுபவர்களுக்கு

"அல்லாஹ் போதுமானவன், எதுக்கு இன்னொரு டொக்டர்?" என்று கேட்பவர்கள் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஷாம் நோக்கிப் போகும் வழியில் ஸர்ஃ என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவிவிட்டது என்ற செய்தி கிடைக்கிறது. முஹாஜிர்களை அழைத்துக் கேட்கிறார்கள், கருத்து இரண்டாகிறது. அன்ஸாரிகளை அழைத்துக் கேட்கிறார்கள்; அங்கும் இரண்டாகிறது. குறைஷிகளில் மூத்தவர்களைக் கேட்கிறார்கள். அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடச் சொல்கிறார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்கிறார்கள். கத்ரிலிருந்து கத்ருக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொல்கிறார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, இது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட அறிவைச் சொன்னதும் விடயம் முடிகிறது.

மூன்று முறை கேட்டார்கள். தவக்குல் குறைந்துவிட்டது என்று யார் சொல்வது? கடைசியில் விடயத்தை முடித்துவைத்ததும் அதைப் பற்றிய அறிவு இருந்தவருடைய சொல்தான்.

துஆ கேளுங்கள். ஸதகா கொடுங்கள். ஓதுங்கள். இதற்கெல்லாம் கிளினிக் திகதியை ஒத்திப்போடத் தேவையில்லை. கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போதும் நாவால் ஓத முடியும். நான் எதிர்ப்பது ஓதலை அல்ல. "கீமோவுக்குப் போனா நான் தாற மருந்து வேலை செய்யாது" என்று சொல்லி, தண்ணீர்ப் போத்தலுக்கும் கஷாயத்துக்கும் காசு வாங்கி, ஒரு மனிதரின் மூன்று மாதத்தைத் தின்றுவிட்டு, பிறகு "விதி" என்று கைகழுவுகிறவர்களைத்தான் எதிர்க்கிறேன். அவர்களிடம் யாரும் இரண்டாவது கருத்துக் கேட்பதில்லை என்பதுதான் வேதனை. பல வருடம் படித்தவரிடம் சந்தேகப்படுகிறோம், போர்டு கூட இல்லாதவரிடம் கேள்வியே கேட்பதில்லை.

■ காசு

"இரண்டாவது டொக்டர் என்றால் சென்னைக்குப் போக வேணும்" என்று நினைத்துக் காணியை ஈடு வைக்கிறார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரிக்கிறார்கள். முதலில் நாட்டுக்குள் கேட்டுப் பாருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. கண்டியில் இருக்கிறது. யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது. இவை எல்லாம் அரச வைத்தியசாலைகள். ஒரு பிரிவின் கடிதத்தோடு இன்னொரு பிரிவுக்குப் போகலாம். செனல் பண்ணித்தான் கேட்க வேண்டும் என்றாலும், ஒரு செனல் காசும் கொழும்பு பஸ் காசும் ஒரு காணியின் பெறுமதி ஆகாது. வெளிநாடு போயே ஆக வேண்டும் என்று இங்குள்ள நிபுணர் சொன்னால், அப்போது துண்டு விரியுங்கள். நானும் போடுகிறேன்.

மஹரகமவுக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016இல் கதீஜா பவுண்டேஷன் ஆரம்பித்த நிதி சேகரிப்பு நினைவிருக்கிறதா? 20 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. இன மத பேதமில்லாமல் நாடே கொடுத்தது. ஸ்கேன் இயந்திரத்துக்குக் காசு கொடுக்கத் தெரிந்த சமூகத்துக்கு, ஸ்கேன் ரிப்போர்ட் வந்தபின் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால் அது காசுக் குறை இல்லை.

■ கடைசியாக, அந்தப் பெயருக்குரியவர்

இதற்காகத்தான் முக்கியமாக எழுதத் தொடங்கினேன்.

உம்மாவுக்குச் சொல்ல மாட்டோம். மனைவிக்குச் சொல்ல மாட்டோம். "சின்னக் கட்டி, வெட்டினாச் சரி" என்போம். பைல் மருமகனின் மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருக்கும். மஹரகமவில் டொக்டர் சிங்களத்தில் பேசுவார், மருமகன் பாதியை மட்டும் தமிழில் சொல்வார். மார்பகத்தை எடுப்பதா இல்லையா என்பதை அந்த மார்பகத்துக்குரியவரைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு செய்வார்கள். பிறகு ஒரு நாள் வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்லித்தான் தனக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியும்.

இதை அன்பு என்று சொல்லாதீர்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, கணவனை மௌத்தாக்கி, வட்டிக்குப் போகாமல் வீடு கட்டி, மகளைக் கட்டிக் கொடுத்த ஒருத்தியால் ஒரு செய்தியைத் தாங்க முடியாது என்று யார் முடிவெடுத்தது? அவருக்குக் கொடுக்க வேண்டிய கடன் இருக்கலாம். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இருக்கலாம். வஸிய்யத் எழுத ஆசை இருக்கலாம். அல்லது சிகிச்சை எடுத்து இருபது வருடம் வாழும் பிடிவாதம் இருக்கலாம். நோயை மறைக்கும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் பறிக்கிறோம்.

விரிவாகக் கேட்க விரும்பாத நோயாளிகளும் உண்டு. அது அவர்களின் உரிமை. ஆனால் அதை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். "எல்லாம் சொல்லவா, இல்ல மகனிடம் பேசச் சொல்லவா?" என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

பெண் வைத்தியர் வேண்டும் என்று ஒரு சகோதரி கேட்டால் தாராளமாகக் கேளுங்கள், கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்கும்வரை மாதக்கணக்கில் இருங்கள் என்று அவருக்குச் சொல்ல எந்த ஆணுக்கும் உரிமை இல்லை. நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது. மௌலவிமார் இதை மிம்பரில் ஒருமுறை தெளிவாகச் சொன்னால், நான் எழுதும் பத்துப் பதிவுகளை விடப் பெரிய உதவியாக இருக்கும்.

■ நான் கேட்பது

பள்ளி நிர்வாகங்களிடம்: எங்கள் ஊரில் ஜனாஸா கொண்டுபோக வாகனம் இருக்கிறது. கிளினிக் நாளில் நோயாளியைக் கொண்டுபோக வாகனம் இல்லை. இதை ஒருமுறை யோசியுங்கள்.

சிங்களம் தெரிந்த இளைஞர்களிடம்: மாதத்தில் ஒரு நாள் ஒரு நோயாளியோடு மஹரகமவுக்குப் போய் டொக்டர் சொல்வதை முழுவதுமாகத் தமிழில் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல்.

மருமகன்மாரிடம்: அந்த பைலை மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருந்து எடுத்து மாமியின் கையில் கொடுங்கள்.

ரிப்போர்ட் இப்போது கையில் இருக்கும் சகோதரர்களிடமும் சகோதரிகளிடமும்: அதை என்னிடம் கொண்டுவராதீர்கள். வந்தால் தேத்தண்ணி தருவேன், துஆ கேட்பேன், எந்தக் கிளினிக்குக்கு எந்த நாள் என்று விசாரித்துத் தருவேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் கேளுங்கள். ஒருவர் போதாவிட்டால் இருவரிடம் கேளுங்கள். கேட்டு முடிந்ததும் தாமதிக்காமல் தொடங்குங்கள்.

நோயில் இருக்கும் எல்லோருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக. ஆமீன்.

சரி என்று பட்டால் குடும்ப குரூப்பில் போடுங்கள். பிழை என்று பட்டால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.